கேரமாண்ட் எழுத்துருவும் 40 கோடி டாலர் மையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2014 மார்ச் கடைசியில் அமெரிக்காவில் ஒரு செய்தி வேகமாகப் பரவியது. அரசு அலுவலகங்கள் எல்லா ஆவணங்களையும் கேரமாண்ட் என்ற எழுத்துருவில் அச்சிட்டால் போதும், வருடத்துக்கு 40 கோடி டாலரை நெருங்கும் தொகை மிச்சமாகும் என்றது அந்தச் செய்தி. கணக்குப் போட்டவர் 14 வயதுப் பள்ளி மாணவர். செய்தி உலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. சில நாட்களில் பல நாட்டு ஊடகங்களிலும் அது வந்துவிட்டது.

மறுப்புகளும் சூட்டோடு வந்தன. ஆனால் செய்தி போன தூரத்துக்கு மறுப்பு போகவில்லை. "ஃபாண்டை மாற்றுங்கள், மை மிச்சமாகும்" என்று இன்றைக்கும் அலுவலகங்களில் அறிவுரை சொல்பவர்கள் உண்டு. அதனால்தான் இந்த நிகழ்வை முதலிலிருந்து முடிவுவரை எழுதிவைப்பது அவசியம் என்று நினைக்கிறேன். இதில் சம்பந்தப்பட்ட யாரும் ஏமாற்றவில்லை. மாணவர் நேர்மையாக அளந்தார். அளந்த எண்களும் பெரும்பாலும் சரிதான். அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் நிற்கவில்லை.

ஆய்வு நடந்த விதம்

மாணவர் நடுநிலைப் பள்ளிக்கு மாறியதும் ஒன்றைக் கவனித்தார். ஆசிரியர்கள் கையில் தரும் அச்சுத் தாள்கள் தொடக்கப் பள்ளியில் இருந்ததைவிட அதிகம். தாளின் இரண்டு பக்கமும் அச்சிடுவது, பழைய தாளை மறுசுழற்சிக்கு அனுப்புவது என்று காகிதத்தைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். மையைப் பற்றி யாரும் பேசவில்லை. அளவுக்கு அளவு பார்த்தால் பிரெஞ்சு வாசனைத் திரவியத்தைவிட அச்சு மை இரண்டு மடங்கு விலை என்று பின்னர் செய்தியாளர்களிடம் அவர் சொன்னார். மற்றவர்கள் பார்க்காத இடத்தில் கேள்வி கேட்டது அவருடைய முதல் நல்ல முடிவு.

ஆசிரியர்கள் தந்த தாள்களில் சிலவற்றை மாதிரியாக எடுத்தார். அவற்றில் அதிகமாக வரும் ஆங்கில எழுத்துகள் ஈ, டீ, ஏ, ஓ, ஆர் (e, t, a, o, r). இந்த ஐந்தையும் நான்கு எழுத்துருக்களில் ஒப்பிட்டார்: கேரமாண்ட், டைம்ஸ் நியூ ரோமன், செஞ்சுரி காத்திக், காமிக் சான்ஸ். ஒவ்வோர் எழுத்தும் தாளில் எவ்வளவு இடத்தைக் கருப்பாக்குகிறது என்று ஒரு மென்பொருளால் அளந்தார். அதோடு நிற்கவில்லை. எழுத்துகளைப் பெரிதாக்கி, தடித்த அட்டையில் அச்சிட்டு, வெட்டி எடுத்து, எடை போட்டார். அட்டை எங்கும் ஒரே தடிமன் என்றால் எடை பரப்பைச் சொல்லிவிடும். மென்பொருள் சொன்னதை வேறு வழியில் சரிபார்க்க வேண்டும் என்று அந்த வயதில் தோன்றியது பாராட்ட வேண்டிய விஷயம். பெரிய ஆய்வகங்களில்கூட இந்தப் பழக்கத்தை எப்போதும் பார்க்க முடிவதில்லை.

நான்கில் கேரமாண்ட்தான் குறைந்த மை எடுத்தது. அதற்கு மாறினால் தன்னுடைய பள்ளி மாவட்டத்தின் (வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) மைச் செலவு 24 சதவீதம் குறையும், வருடத்துக்கு 21,000 டாலர்வரை மிச்சமாகும் என்று முடிவுக்கு வந்தார்.

பள்ளியிலிருந்து நாட்டுக்கு

பள்ளி மாணவர்களின் ஆய்வுகளை வெளியிடுவதற்காகவே ஹார்வர்டின் முதுநிலை மாணவர்கள் 2011இல் ஓர் ஆய்விதழைத் தொடங்கியிருந்தார்கள். மாணவர் தன் கட்டுரையை அங்கே அனுப்பினார். இதழை நடத்தியவர்களுக்கு வேலை பிடித்துப்போனது. இதையே மத்திய அரசின் அளவுக்குச் செய்து பார்க்க முடியுமா என்று கேட்டார்கள்.

அவர் அரசு அச்சகத்தின் இணையதளத்திலிருந்து சில ஆவணப் பக்கங்களை எடுத்து அளந்தார். முன்பு வந்தது போன்ற விடையே வந்தது. மத்திய அரசின் வருடாந்திர மைச் செலவு 46.7 கோடி டாலர் என்று அரசின் பொதுச் சேவைகள் நிர்வாகம் ஒரு மதிப்பீடு வைத்திருந்தது. அதில் 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தால் 13.6 கோடி. மாநில அரசுகளும் சேர்ந்தால் இன்னொரு 23.4 கோடி. மொத்தம் 37 கோடி. தலைப்புச் செய்தியில் அது "ஏறக்குறைய 40 கோடி" ஆனது.

என் பார்வையில் நிகழ்வு தடம் மாறியது இந்த இடத்தில்தான். கட்டுரையைப் படித்த பெரியவர்கள் எண்ணைப் பெரிதாக்கச் சொன்னார்கள். அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: ஒப்பிட்ட எழுத்துகள் கண்ணுக்கு ஒரே அளவில் இருந்தனவா?

அச்சுத் துறையினர் கவனித்தது

செய்தி வந்த சில நாட்களிலேயே எழுத்துரு வடிவமைப்பாளர்கள் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் சொன்னதைப் புரிந்துகொள்ள முதலில் 'பாயிண்ட்' என்ற அளவைப் பார்த்துவிடலாம்.

12 பாயிண்ட் என்றால் ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. அது எழுத்தின் உயரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஈய அச்சுக் காலத்தில் அது எழுத்தைத் தாங்கிய உலோகக் கட்டையின் உயரம். அந்தக் கட்டையின் முகத்தில் எழுத்து எவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறது என்பது வடிவமைப்பாளரின் விருப்பம். கணினியில் கட்டை இல்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சதுரம் அதே வேலையைச் செய்கிறது. ஆகவே 12 பாயிண்ட் கேரமாண்டும் 12 பாயிண்ட் டைம்ஸ் நியூ ரோமனும் ஒரே உயரக் கட்டையில் உட்கார்ந்த வேறு வேறு அளவு எழுத்துகள்.

வாசிக்கும் கண் எழுத்தின் அளவைப் பெரும்பாலும் எக்ஸ் உயரத்தை வைத்தே உணர்கிறது. சின்ன எழுத்து எக்ஸ் (x) எவ்வளவு உயரமோ அதுதான் எக்ஸ் உயரம். ஏ, ஈ, ஓ, என் (a, e, o, n) போன்றவற்றின் உடல் இந்த உயரத்துக்குள் அடங்கும். டைம்ஸ் நியூ ரோமனோடு ஒப்பிட்டால் கேரமாண்டின் சின்ன எழுத்துகள் அதே பாயிண்டில் சுமார் 15 சதவீதம் சிறியவை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஓர் எழுத்தை நீளத்திலும் அகலத்திலும் 15 சதவீதம் சுருக்கினால் பரப்பு 0.85 பெருக்கல் 0.85, அதாவது 0.72 ஆகிறது. மை சுமார் 28 சதவீதம் குறைகிறது. இதற்கு எழுத்துருவை மாற்றவே வேண்டாம். டைம்ஸ் நியூ ரோமனையே 12 பாயிண்டிலிருந்து 10.2 பாயிண்டுக்கு இறக்கினாலும் இதே மிச்சம் கிடைக்கும். மாணவர் கண்ட 24 சதவீதமும் 30 சதவீதத்தை ஒட்டி வந்த இரண்டாவது எண்ணும் இந்த 28க்கு இரு பக்கத்திலும் நிற்கின்றன. கேரமாண்டை 14 பாயிண்டுக்கு ஏற்றி, டைம்ஸின் 12 பாயிண்ட் அளவுக்குக் கண்ணில் தெரியவைத்தால் மிச்சம் கிட்டத்தட்ட காணாமல் போய்விடும்.

ஐந்து எழுத்துகளின் தேர்விலும் ஒரு சாய்வு இருக்கிறது. ஈ, ஏ, ஓ, ஆர் நான்கும் எக்ஸ் உயரத்துக்குள்ளேயே முடிபவை. டீ மட்டும் அதைச் சற்றுத் தாண்டும். கேரமாண்ட் எங்கே சிறியதோ அங்கே மட்டுமே அளந்தது போல ஆகிவிட்டது. எச், எல், டி (h, l, d) போல மேலே நீளும் எழுத்துகளில் இரண்டு எழுத்துருக்களுக்கும் இடையில் இவ்வளவு உயர வித்தியாசம் இல்லை. முழுப் பக்கங்களை அளந்தபோதும் ஒத்த விடை வந்திருப்பதால், இது முக்கியக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மாதிரித் தேர்வில் கவனிக்க வேண்டிய விஷயம்.

அந்த எழுத்து ஏன் அப்படி இருக்கிறது

கேரமாண்ட் சிறியது என்பது ஒரு குறையோ தந்திரமோ அல்ல. க்ளோத் கேரமாண்ட் 16ஆம் நூற்றாண்டில் பாரீஸில் எஃகில் எழுத்து செதுக்கியவர், 1561இல் இறந்தார். வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸின் அச்சகத்துக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ செதுக்கிய எழுத்துகளே அவருக்கும் அவர் தலைமுறைக்கும் முன்மாதிரி. பட்டையான பேனா முனையைச் சாய்த்துப் பிடித்து எழுதினால் வரும் தடிப்பும் மெலிவும் அந்த எழுத்தில் இருக்கும். ஓ (o) எழுத்தின் மெலிந்த பகுதி நேர் உச்சியில் வராமல் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். ஈ (e) எழுத்தின் கண், அதாவது உள்ளே மூடிய வெளி, சின்னது; ஏ (a) எழுத்தின் வயிறு, அதாவது கீழ் வளையம், சின்னது. மேலேயும் கீழேயும் கால்கள் தாராளமாக நீளும். கோடு முடியும் இடத்தில் வரும் சிறு காலடி, அதாவது செரிஃப், வெட்டியது போல இல்லாமல் மெதுவாக வளைந்து தண்டோடு சேரும்.

நீண்ட கால்கள் வரிகளுக்கு இடையே வெள்ளையைக் கொண்டுவருகின்றன. பக்கம் முழுக்க ஒரே சீரான வெளிர்சாம்பல் நிறம் கிடைக்கிறது. பக்கம் பக்கமாக வாசிக்க வேண்டிய நூலுக்கு இதைவிட இதமான எழுத்துகள் குறைவு. 400 வருடத்துக்கும் மேலாகப் பதிப்பாளர்கள் இந்த மரபுக்குத் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுதான் காரணம்.

டைம்ஸ் நியூ ரோமனின் பிறப்பு வேறு. லண்டன் டைம்ஸ் நாளிதழுக்காக ஸ்டான்லி மாரிசன் மேற்பார்வையில், விக்டர் லார்டன்ட் வரைந்து, 1932 அக்டோபரில் பயன்பாட்டுக்கு வந்தது. குறுகலான பத்தியில் நிறையச் சொற்கள் அடங்க வேண்டும், சின்ன அளவிலும் தெளிவாக வாசிக்க முடிய வேண்டும். அதற்காக எழுத்தின் அகலத்தைக் குறைத்து எக்ஸ் உயரத்தைக் கூட்டினார்கள். இடத்தை மிச்சம் பிடிக்கவே பிறந்த எழுத்து அது. இந்த இரண்டையும் ஒரே பாயிண்டில் வைத்து எது சிக்கனம் என்று கேட்டால், விடை எழுத்துருவைவிட அளவையைப் பற்றித்தான் அதிகம் சொல்லும்.

இன்னொரு சிக்கலும் உண்டு, ஊடகங்கள் இதை அதிகம் தொடவில்லை. கேரமாண்ட் என்ற பெயரில் ஓர் எழுத்துரு இல்லை, பல இருக்கின்றன. அலுவலகக் கணினிகளில் பரவலாகக் கிடைப்பது மோனோடைப் நிறுவனம் 1922இல் வெளியிட்டதன் வாரிசு. அதற்கு மூலம் க்ளோத் கேரமாண்டின் எழுத்தே அல்ல. அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு செடான் நகரில் ஜான் ஜனோன் செதுக்கியது. பிரான்சின் அரசு அச்சகத்தில் இருந்த ஜனோனின் எழுத்துகளைக் கேரமாண்டுடையவை என்று நினைத்துவிட்டார்கள். 1926இல் அச்சு வரலாற்றை ஆராய்ந்த பியாட்ரிஸ் வார்ட் ஓர் ஆண் புனைபெயரில் எழுதிய கட்டுரை அந்தக் குழப்பத்தை அவிழ்த்தது. ஆண்ட்வெர்ப்பில் உள்ள பிளான்டின்-மொரீட்டஸ் அருங்காட்சியகத்தில் கேரமாண்ட் செதுக்கிய மூலங்கள் இன்னும் இருக்கின்றன. ராபர்ட் ஸ்லிம்பாக் 1989இல் வடிவமைத்த அடோபி கேரமாண்ட் அந்த மரபுக்கு அருகில் நிற்பது. அப்புறம் 1970களில் ஐடிசி என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்ட ஐடிசி கேரமாண்ட். விளம்பரங்களுக்கு ஏற்ப அதன் எக்ஸ் உயரத்தை மிகப் பெரிதாக்கியிருந்தார்கள். மாணவர் கையில் அது இருந்திருந்தால், "கேரமாண்ட் மையை மிச்சமாக்கும்" என்ற முடிவே வந்திருக்க வாய்ப்பு குறைவு.

மையின் விலை, யாருடைய மை

இரண்டாவது பெரிய மறுப்பு செலவைப் பற்றியது. வாசனைத் திரவியத்தைவிட விலை உயர்ந்த மை என்பது மேசை மேல் இருக்கும் இங்க்ஜெட் இயந்திரத்தின் குப்பியில் இருப்பது. அரசு அச்சகம் அப்போது பெரிய பிரதி எண்ணிக்கைகளை ஆஃப்செட்டில், அதாவது தகடு வைத்து அச்சிடும் பெரிய இயந்திரங்களில், அச்சிட்டது. அந்த முறையில் மை மொத்தமாக வாங்கப்படுவது. மொத்தச் செலவில் காகிதம், தகடு, இயந்திர நேரம், பைண்டிங், ஆள்கூலி ஆகியவற்றோடு பார்த்தால் மைக்குப் பங்கு சிறிது. பல அலுவலகங்களில் நகல் இயந்திரம் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும், கட்டணம் பக்கத்துக்கு இவ்வளவு என்று வரும். அங்கே பக்கத்தில் எவ்வளவு டோனர் (மைத்தூள்) ஒட்டினாலும் கட்டணம் ஒன்றுதான்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2010இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே வளாகம், மின்னஞ்சலின் இயல்பு எழுத்துருவை ஏரியலிலிருந்து செஞ்சுரி காத்திக்குக்கு மாற்றியது. சுமார் 30 சதவீதம் மை குறையும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. செஞ்சுரி காத்திக் மெல்லிய கோடு கொண்டது, உண்மைதான். ஆனால் அகலமானது, அதே வாசகம் அதிக வரிகளை எடுக்கும். காகிதமும் கணக்கில் வர வேண்டும்.

அரசு அச்சகம் எடுத்த முடிவு

அரசு அச்சகம் மாணவரின் வேலையை மனமாரப் பாராட்டியது. எழுத்துருவை மாற்றுவதாக மட்டும் உறுதி தரவில்லை. சுற்றுச்சூழல் நோக்கில் தாங்கள் செய்துவருவது உள்ளடக்கத்தை இணையத்துக்குக் கொண்டுபோவது என்று அவர்கள் விளக்கினார்கள். 1994 வாக்கில் மத்திய அரசிதழை நாளுக்குச் சுமார் 20,000 பிரதிகள் அச்சிட்டார்கள். 2014இல் அது ஏறக்குறைய 2,500. அதே வருடம் டிசம்பரில் நிறுவனத்தின் பெயரிலிருந்த 'அச்சு' என்ற சொல்லே போய் 'வெளியீடு' என்ற சொல் வந்தது.

இந்த முடிவு சரியானது என்றே கருதுகிறேன். பிரதியே அச்சாகவில்லை என்றால் மையோடு காகிதமும் போக்குவரத்தும் சேர்ந்து மிச்சமாகின்றன. வாசிப்பவர் எழுத்தைத் தனக்கு வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளவும் முடியும்.

7 வருடம் கழித்து ஒரு நீதிமன்றம்

கேரமாண்டின் அதே இயல்பு 2021 மார்ச்சில் வேறோர் இடத்தில் பேசுபொருளானது. அமெரிக்க மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் விதிப்படி, மனுக்களைச் செரிஃப் உள்ள எழுத்துருவில், குறைந்தது 14 பாயிண்டில் தர வேண்டும். அவற்றில் ஒன்றான, தலைநகர் வாஷிங்டன் அடங்கிய கொலம்பியா மாவட்டத்துக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. செஞ்சுரி, டைம்ஸ் நியூ ரோமன் போன்றவை வாசிக்க எளிது. கேரமாண்ட் அவற்றைவிடச் சிறிதாகத் தெரிகிறது, தவிர்ப்பது நல்லது என்பது அதன் சாரம்.

வழக்கறிஞர்கள் இடம் மிச்சம் பிடிக்கத்தான் கேரமாண்டைப் பயன்படுத்துகிறார்கள் என்று சிலர் பேசினார்கள். அதில் பெரிய நியாயம் இல்லை. அங்கே மனுவின் நீளத்தை முக்கியமாகச் சொற்களின் எண்ணிக்கையில் கணக்கிடுகிறார்கள்; எழுத்தைச் சுருக்கி ஒரு சொல்லும் கூடுதலாகச் சேர்க்க முடியாது. பலர் அதைத் தேர்ந்தெடுத்தது பக்கம் பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காக. ஆனால் நாள் முழுக்க மனுக்களைப் படிக்கும் நீதிபதிகளின் கண்ணுக்கு அது சின்னதாகவே பட்டது. 2014இல் மாணவரின் தராசில் மை மிச்சமாகத் தெரிந்ததும் 2021இல் நீதிமன்றத்துக்கு வாசிப்புச் சிரமமாகத் தெரிந்ததும் ஒரே 15 சதவீதம்தான்.

என் குறை விதியைப் பற்றியது. பாயிண்டில் வரம்பு வைத்துவிட்டு அப்புறம் எழுத்துருவைக் குறைசொல்வதைவிட, குறைந்தபட்ச எக்ஸ் உயரத்தை மில்லிமீட்டரில் சொல்லியிருக்கலாம். அப்போது கேரமாண்டை 16 பாயிண்டில் வைத்து வாசிக்கவும் வழி இருந்திருக்கும்.

மீண்டும் செய்தால்

இதே ஆய்வை ஒரு பள்ளியோ அலுவலகமோ மறுபடி செய்ய விரும்பினால், மாணவரின் செய்முறையில் பெரும்பகுதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அட்டையை வெட்டி எடை போடுவதுகூட இருக்கட்டும். மாற வேண்டியது தொடக்கம். எழுத்துருக்களை ஒரே பாயிண்டில் வைக்காமல், எக்ஸ் உயரம் சமமாக வரும்படி அளவைத் திருத்திவிட்டு அளக்க வேண்டும். அடிக்கோல் ஒன்றை வைத்துப் பெரிதாக்கிய அச்சில் சின்ன எக்ஸை அளந்தாலே இதைச் செய்துவிடலாம். எழுத்துருவின் முழுப் பெயர், வெளியிட்ட நிறுவனம், பதிப்பு ஆகியவற்றைக் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். கேரமாண்ட் என்று மட்டும் எழுதினால் யாராலும் அதைத் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

தனி எழுத்துகளை விட்டுவிட்டு முழுப் பக்கங்களை அளப்பது நல்லது. ஒரே வாசகம் எத்தனை பக்கம் எடுக்கிறது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். வகுப்புத் தாள்களில் படங்களும் அட்டவணைகளும் நிரப்பிய பெட்டிகளும் எவ்வளவு மை எடுக்கின்றன என்று பார்த்தால், எழுத்துருவைப் பற்றிய கேள்வியே பின்னுக்குப் போகலாம்.

பணமாக மாற்றும் கட்டத்தில் அந்தந்த இயந்திரத்தின் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். குப்பி வாங்கும் இடத்துக்கும் பக்கக் கட்டணம் கட்டும் இடத்துக்கும் ஆஃப்செட் அச்சகத்துக்கும் ஒரே சதவீதத்தைப் போடக் கூடாது.

சரி, எழுத்து சிறிதானாலும் பரவாயில்லை என்று ஒரு பள்ளி முடிவு செய்தால்? அப்போது மிச்சம் உண்மையானதுதான், மாணவரின் 21,000 டாலர் மதிப்பீடும் முழுக்கத் தப்பாகாது. அந்த முடிவை எடுக்கும் முன் பழைய அளவிலும் புதிய அளவிலும் ஒரே பாடத்தை அச்சிட்டு, பார்வை குறைந்த பிள்ளைகள் உட்பட வகுப்பில் உள்ளவர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். பள்ளி தன்னிடம் ஏற்கெனவே உள்ள எழுத்துருவையே ஒன்றரைப் பாயிண்ட் குறைத்தும் ஒரு பிரதி எடுத்துப் பார்க்கலாம். புதிய எழுத்துரு எதுவும் இல்லாமலே அதே மிச்சம் அங்கே இருக்கும்.